களத்தில் காய்ந்த கிற்றார்

கடைக்காரத் தம்பி பெட்டியைக் கிழித்து, பொலித்தீன் உறையை உருவி, கிற்றாரை என் மகளின் கையில் கொடுத்தபோது முதலில் வந்தது சத்தமல்ல, மணம். வார்னிஷும் பசையும் புதுப் பலகையும் கலந்த மணம். கல்முனை பிரதான வீதியில் மழை தூறிக்கொண்டிருந்தது. அந்த மணத்தின் பின்னாலேயே அவித்த நெல்லின் மணமும் எனக்கு வந்தது. கடையில் ஒரு மணி நெல்கூட இல்லை. அது எங்கிருந்து வந்தது என்பதைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

மகள் நுஹாவுக்கு உயர்தரப் பரீட்சை முடிந்துவிட்டது. முடிவு வரும்வரை சும்மா இருக்காமல் கிற்றார் பழகப்போவதாகச் சொன்னாள். பாங்கு சொன்ன பிறகு தொழுகை முடியும்வரை அதைத் தொடக்கூடாது என்ற நிபந்தனையோடு அவளுடைய உம்மா சம்மதித்தார். நான் எதையும் அளந்து செய்கிறவன். இருபது வயதிலிருந்து தினக்குறிப்பு எழுதுகிறவன். வீட்டில் என்னைப் பற்றிச் சிரிக்கும்போது இந்த இரண்டில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். அன்றும் சட்டைப்பையில் ஓர் அடிமட்டம் கொண்டுபோயிருந்தேன். தந்திக்கும் பலகைக்கும் நடுவில் இருந்த இடைவெளியை அதனால் அளந்தேன்.

“காக்கா, நீங்க கிற்றார் வாங்க வந்திரிக்கிங்களா, யன்னல் வாங்க வந்திரிக்கிங்களா?” என்றான் கடைக்காரத் தம்பி.

“இடைவெளி கூடினா விரல் நோகும்.”

“ஆரு சொன்ன?”

“என்ட கூட்டாளி ஒராள். அருள் எண்டு.”

நுஹா நிலத்தைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். “அருள் அங்கிள் தன்னுட பழச தாறன் எண்டாரே வாப்பா. புதுசா பழசா எண்டு முதல்ல முடிவெடுப்பமே.”

புதுசா, பழசா. இந்தக் கேள்வியை ஒரு கிற்றாருக்காக நான் கேட்டது இது இரண்டாவது தடவை.

முதல் தடவை நான் நாவிதன்வெளிப் பக்கத்தில் ஓர் அரிசி மில்லில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். அது என் முதல் வேலை. மில் முதலாளி இஸ்மாலெப்பை ஹாஜியார். அருள் அங்கே இயந்திரம் பார்க்கிறவன். கல்முனைக் கடற்கரைப் பக்கத்து மெதடிஸ்தக் கிறிஸ்தவப் பையன். இருவருக்கும் ஒரே வயது. மத்தியானத்தில் அவன் தாயார் கட்டிக்கொடுத்த மீனும் என் உம்மா கட்டிக்கொடுத்த சோறும் ஒரே மேசையில் திறக்கப்படும்.

நெல்லை அவித்தால் காயவைக்க வேண்டும். மில்லின் பின்னால் அதற்கென்று பெரிய சீமெந்துக் களம் ஒன்று இருந்தது. மாரிகாலத்தில் வெயில் கிடைப்பது அபூர்வம். ஆகவே முகில் விலகினால் அந்த மில்லில் யாரும் யாரையும் கேட்பதில்லை. ஈரமாக எது கண்ணில் பட்டாலும் களத்துக்குப் போகும். நெல், சாக்கு, நெல் மூடும் படங்கு, சாரதியின் சாரம். ஒருமுறை நான் நனைந்து வந்து ஆணியில் தொங்கவிட்ட சட்டையும் போனது. நெல்லோடு சேர்த்துக் கிண்டப்பட்டு, பைநிறைய உமியோடு திரும்பி வந்தது.

அந்த வருடம் அருளின் தேவாலயத்தில் ஆர்மோனியம் வாசித்தவர் குடும்பத்தோடு கனடாவுக்குப் போய்விட்டார். இயேசு பிறந்த நத்தார் ஆராதனைக்குப் பாட்டுகளைத் தூக்கிப்போக ஆளில்லை. சபை முழுவதும் கேட்டுக்கொண்டிருக்க, அருள் எழுந்து தான் கிற்றார் வாசிப்பதாகச் சொல்லிவிட்டான். இரவல் கிற்றாரில் பழகியிருந்தவனுக்குச் சொந்தமாக ஒன்று இல்லை. அதுவரை சபையின் பின்வரிசையிலேயே உட்கார்ந்து பழகிய அவனுடைய தாயார், தெருவில் கண்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். நத்தார் நெருங்கும்போது அவன் கொழும்புக்குப் போய்ப் புதுக் கிற்றார் வாங்கிக்கொண்டு இராப் பயண பஸ்ஸில் வந்து, வீட்டுக்கும் போகாமல் மில்லுக்கு வந்தான். எங்களுக்குக் காட்டத்தான். உறையைத் திறந்தான், நான் முன்னர் சொன்ன அந்த மணம். பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த வழியில் மழைத் தண்ணீர் பைக்குள் இறங்கியிருந்தது. துடைத்து, நான் கணக்கெழுதும் கந்தோர்ச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் பொயிலர் பார்க்கப் போனான். நான் வங்கிக்குப் போனேன்.

நான் வங்கியால் திரும்பும்போது நல்ல வெயில். களத்தில் பொன்னிறமாக நெல் பரந்து கிடந்தது. நடுவில் கிற்றார் குப்புறக் கிடந்தது. பக்கத்தில் ஹாஜியார் குடை பிடித்துக்கொண்டு குந்தியிருந்தார். குடை அவருக்கு, வெயில் கிற்றாருக்கு.

“ஹாஜியார், என்ன இது?”

“ஈரம் தம்பி. பொடியன் நனைச்சிட்டு வந்திரிக்கான், பாவம். மேல் பக்கம் காஞ்சிட்டு. இப்பதான் மற்றப் பக்கம் திருப்பின.”

அவருடைய முகத்தில் ஒரு பெருமைகூட இருந்தது. பாட்டு என்றால் அவருக்கு ஆகாது. மில் வானொலியில் செய்தி முடிந்து பாட்டு தொடங்கினால் எழுந்து வந்து மூடுவார். அப்படிப்பட்டவர் வேலையாளின் கிற்றாரைத் தன் கையாலேயே திருப்பித் திருப்பிக் காயவைத்திருக்கிறார். “டக்” என்று ஒரு சத்தம் வந்தது. கிற்றாரைத் தூக்கிப் பார்த்தோம். தந்திகளை இழுத்துப் பிடித்திருந்த கட்டை பெயர்ந்து தொங்கியது. அதிலிருந்து முகப்புப் பலகை நீளத்துக்கு ஒரு வெடிப்பு ஓடியிருந்தது.

அருள் கையில் கிறீஸோடு ஓடிவந்தான். பார்த்தான். “பரவாயில்ல ஹாஜியார்” என்றான். அவன் கத்தியிருக்கலாம். அந்தப் ‘பரவாயில்ல’வை ஹாஜியாரால் தாங்க முடியவில்லை.

“ஒட்டேலாதா?”

“ஒட்டலாம். நத்தாருக்குள்ள ஏலாது.”

கொழும்புப் பாதையில் அன்று மாலையே வெள்ளம் ஏறி பஸ் நின்றுவிட்டது. கல்முனையில் அந்நாளில் கிற்றார் விற்கும் கடை கிடையாது. மறுநாள் ஹாஜியார் கந்தோருக்குள் வந்து, இந்தப் பக்கத்திலேயே ஒரு பழைய கிற்றார் தேடி எடுப்போம் என்றார்.

“பழசெல்லாம் கழுத்து வளைஞ்சிரிக்கும் ஹாஜியார்” என்றான் அருள், நிமிராமல்.

“மனெ, சோத்துக்குப் புது அரிசி நல்லமா, பழசு நல்லமா?”

“பழசு.”

“ஏன்?”

“புதுசு குழையும்.”

“அப்ப நீ சும்மா இரி.”

என்னைத் தன் மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். கிறிஸ்தவ வீடு என்று தெரிந்தால் நிறுத்துவார். விதைநெல் கேட்கிற அதே குரலில், “உங்களுக்கிட்ட கிற்றார் ஒண்டு இரிக்கா?” என்பார். தொப்பியும் தாடியுமாக ஒருவர் வாசலில் நின்று அப்படிக் கேட்டால் என்ன நடக்கும்? ஒரு வீட்டில் பெண்கள் உள்ளே ஓடிச் சிரித்தார்கள். இன்னொரு வீட்டில், “ஹாஜியார் பழகப் போறீங்களா?” என்று உண்மையாகவே கேட்டார்கள்.

கடைசியில் பெரியநீலாவணையில் ஓய்வுபெற்ற தபாற்காரர் ஒருவர் சுவரிலிருந்து ஒன்றை இறக்கிக் கொடுத்தார். நிறம் மங்கி, ஓரமெல்லாம் தேய்ந்திருந்தது. நான் தந்திகளை எண்ணினேன். ஆறும் இருந்தன. என்னால் முடிந்த பரிசோதனை அவ்வளவுதான். ஹாஜியார் அதன் வட்டத் துவாரத்துக்குள் மூக்கை வைத்து முகர்ந்தார். விரல் முட்டியால் தட்டினார். கன்னத்தை வைத்துப் பார்த்தார்.

“ஈரமில்ல” என்றார்.

“வாசிச்சிப் பாக்கல்லயா?” என்றார் தபாற்காரர்.

“அது எங்கட வேல இல்ல. என்ன தரட்டும்?”

தபாற்காரர் விலை சொல்லக் கூச்சப்பட்டார். ஒரு மூட்டை பழைய சம்பா அரிசி அனுப்புவதாக ஹாஜியார் முடித்தார். “பழசுக்குப் பழசு” என்றார். தபாற்காரரின் மனைவிக்கு அதில் நல்ல திருப்தி.

கிற்றாரைச் சாக்கில் சுற்றி என் மடியில் வைத்துக்கொண்டு வந்தோம். அது சோதனைச்சாவடிகள் இருந்த காலம். நீளமான ஒரு பொருளைச் சாக்கில் சுற்றிக்கொண்டு போகக்கூடாது என்று எதையும் யோசித்துச் செய்கிற எனக்குத் தோன்றவே இல்லை. இராணுவத்தான் இறங்கச் சொன்னான். சாக்கை அவிழ்த்தேன். உள்ளே இருந்ததைப் பார்த்தவன் துப்பாக்கியைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, கிற்றாரை எடுத்துத் தாளத்தோடு இரண்டு இழுப்பு இழுத்தான். பழசு, நல்லது என்று சிங்களத்தில் சொல்லித் திருப்பித் தந்தான். ஹாஜியார் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் முதலிலேயே சொல்லவில்லையா என்கிற பார்வை.

சாக்கைத் திரும்பக் கட்ட எனக்குத் தைரியம் வரவில்லை. அப்படியே கடைத்தெருவால் வந்தோம். தேநீர்க்கடை வாசலிலிருந்து ஒருவர் கூப்பிட்டார்.

“ஹாஜியார், ஆருட கலியாணத்துக்குக் கச்சேரி?”

“உன்ட ரெண்டாவது கலியாணத்துக்குத்தான். பொஞ்சாதிக்கிட்ட கேட்டுட்டு நாளச் சொல்லு.”

மில்லில் அருள் அதை வாங்கி, தந்தி முறுக்காணிகளைத் திருகி, ஒருமுறை மீட்டினான். கிற்றாரை மெதுவாக மேசையில் வைத்தான். போய்ச் சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவிவிட்டு வந்து மீண்டும் எடுத்தான். அப்போதுதான் நாங்கள் இருவரும் மூச்சுவிட்டோம்.

நத்தார் காலையில் அடைமழை. ஹாஜியார் என்னோடு வந்தார், தேவாலயத்துக்குள் வரவில்லை. எதிரே பூட்டியிருந்த கடையின் தாழ்வாரத்தில் குடையோடு நின்றுகொண்டார்.

“நீ உள்ள போ தம்பி. சத்தம் சரியா வந்தா கதவுக்கிட்ட வந்து கையக் காட்டு.”

நான் பின்வரிசையில் நின்றேன். முன்வரிசையில் அருளின் தாயார், புதுச் சேலையில். அருளின் முதல் பாட்டு தடுமாறியது. கூரையில் மழை அவனைவிடப் பலமாக வாசித்தது. இரண்டாவது பாட்டில் யாரோ ஒரு பெண் குரலெடுத்தார், பிறகு எல்லோரும். கிற்றார் அவர்களுக்குக் கீழே நடந்து வந்தது, ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாகக் கேட்க. நான் கையைக் காட்டக் கதவுக்குப் போனேன். ஹாஜியார் தாழ்வாரத்தில் இல்லை. வீதியைக் கடந்து வந்து வாசற்படிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

“உதிரியா இரிக்கி” என்றார்.

சோற்றைப் பற்றி எங்களூரில் அதற்கு மேல் ஒரு பாராட்டு கிடையாது. கிற்றாரைப் பற்றி அதைவிடச் சரியாக யாரும் சொல்லி நான் இதுவரை கேட்டதில்லை. அன்றைய தினக்குறிப்பில் நான் எழுதியது, “காலையில் கடும் மழை” என்று மட்டும்.

வெடித்த புதுக் கிற்றாரை ஒட்டித் தருவதாகப் பலர் வந்தார்கள். ஹாஜியார் கொடுக்கவில்லை. “கெட்டது என்ட கையால. இங்கயே இரிக்கட்டும்” என்று கந்தோர் அலுமாரிக்கு மேல் வைத்தார். நான் அந்த வேலையை விட்டுப் போன பிறகும் அது அங்கேயே இருந்தது.

பிறகு சுனாமி வந்தது. அருளின் வீட்டார் ஓடித் தப்பினார்கள். சுவரில் தொங்கிய பழைய கிற்றாரை எடுக்க யாருக்கும் நினைவு வரவில்லை, வீட்டோடு போய்விட்டது. அவர்கள் ஒரு பாடசாலையில் தங்கியிருந்தபோது ஹாஜியார் அரிசியோடு போனார். அரிசி மூட்டைகளுக்கு மேல் வெடித்த கிற்றார் இருந்தது.

“இது காய வேண்டியதெல்லாம் காஞ்சிட்டு. இனி ஒட்டு” என்று அருளிடம் கொடுத்தார்.

வகுப்பறை மேசையில் வைத்து அருள் அதை ஒட்டினான். அங்கே அடைபட்டிருந்த பிள்ளைகளுக்கு மாலையில் அதில்தான் வாசித்தான். பிறகு பல வருடங்கள் தேவாலயத்திலும் அதுதான். இப்போது சபை அவனுக்கு மின்சாரத்தில் பாடுகிற ஒன்றை வாங்கிக் கொடுத்திருக்கிறது. நுஹாவுக்குத் தருவதாகச் சொன்ன பழசு, அந்தப் புதுசுதான்.

கடைக்காரத் தம்பியிடம் யோசித்து வருவதாகச் சொல்லிவிட்டு அருளின் வீட்டுக்குப் போனோம். நுஹா கிற்றாரை மடியில் வைத்து, முகப்பில் ஓடிய ஒட்டுக்கோட்டை விரலால் தடவினாள்.

“இது என்ன அங்கிள்?”

“வாப்பாட்ட கேளு மகள். அவர் எல்லாம் எழுதி வெச்சிரிப்பார்.”

நான் துவாரத்துக்குள் முகர்ந்து பார்த்தேன். நெல் மணக்கவில்லை. தூசிதான் மணந்தது. அருள் அவள் விரல்களைத் தந்திகளில் வைத்துக் காட்டினான். மீட்டினாள்.

“எப்பிடி வாப்பா?”

பொய் சொல்ல மனம் வரவில்லை. “குழையுது” என்றேன்.

அருள் வாய்விட்டுச் சிரித்தான். “கிற்றாரில பிழையில்ல மச்சான். விரல்தான் புதுசு. நாலு மாரி போகட்டும்.”

நுஹா எங்கள் இருவரையும் பார்த்தாள். “அப்ப இதுதான்” என்று சொல்லி, கேட்காமலே பையில் வைத்துப் பூட்டினாள்.

வீடு வந்து சேரும்போது கொஞ்சம் நனைந்துவிட்டோம். முகில் விலகி முற்றத்தில் வெயில் விழுந்தது. என் மனைவி பையைத் தொட்டுப் பார்த்தார்.

“ஈரமா இரிக்கே. கொஞ்சம் வெயிலில வெக்கட்டா?”

“வேணாம்” என்று நானும் மகளும் ஒரே நேரத்தில் சொன்னோம். வழியெல்லாம் அவளுக்கு இந்தக் கதையைத்தான் சொல்லிக்கொண்டு வந்திருந்தேன்.

ஹாஜியார் மவுத்தாகிப் போன பிறகு மில்லை மூடிவிட்டார்கள். அந்த இடத்தில் இப்போது கலியாண மண்டபம். களம் இருந்த இடத்தில் வாகனங்கள் நிற்கின்றன. நெல் இப்போது இயந்திரத்துக்குள் காய்கிறது, மழையோ வெயிலோ அதற்கு ஒன்றுதான். இதை எழுதும்போது உள்ளே நுஹா அருள் காட்டிக்கொடுத்த இரண்டு விரல்பிடிகளை மாற்றி மாற்றி வாசிக்கிறாள். இன்னும் குழைகிறது, காலையில் குழைந்த அளவுக்கு இல்லை. வெளியே நல்ல வெயில். முகில் விலகியதைக் கண்டதும் யாரையும் கேட்காமல் ஒரு கிற்றாரைத் தூக்கிக்கொண்டு ஓட, இந்தப் பக்கத்தில் இனி ஒரு களம்தான் இல்லை.