வரிசையா கேளுடா

கல்லூரிக் கடைசி வருடம் முழுக்க, திருப்பாதிரிப்புலியூரிலிருந்து சிதம்பரம் போகும் காலை ரயிலில் கஷ்டமான ஆங்கில வார்த்தைகளை மனப்பாடம் செய்தேன். கூட வரும் நண்பன் பட்டியலைப் பார்த்து வார்த்தையைச் சொல்வான். நான் அர்த்தம் சொல்வேன். அவன் நடுவில் தாவிக் கேட்டால் எனக்குக் கெட்ட கோபம் வரும். "வரிசையா கேளுடா!" என்று கத்துவேன். பரங்கிப்பேட்டை வருவதற்குள் நூறு வார்த்தையை முடித்துவிடுவேன்.

வேலைக்கான இன்டர்வியூவில், "லூசிட் என்றால் என்ன?" என்று கேட்டார்கள். தெரிந்த வார்த்தைதான். ஆனால் அதற்கு முந்தைய வார்த்தை வந்தால்தான் அது வரும். மனசுக்குள் முதல் வார்த்தையிலிருந்து ஓடினேன். பாதி தூரம்கூடப் போகவில்லை, "நெக்ஸ்ட்" என்று சொல்லிவிட்டார்கள்.

அடுத்து நண்பன் போனான். வெளியே வந்தவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"என்னையும் லூசிட்தான் கேட்டாங்க மச்சான்."

"சொன்னியா?"

"தெளிவா புரியறதுன்னு சொன்னேன்."

"நீ எப்படா படிச்ச?"

"நான் எங்க படிச்சேன்? தினமும் நீ சொல்லிக் கேட்டதுதான்."