பெட்டியில் அறுபத்துநாலு, கையில் எவ்வளவு?

போன செவ்வாய்க்கிழமை கோப்பாயில் ஒரு போன் கடையில் சண்டை பிடித்தேன். ஆம், நான்தான்! வாராவாரம் இந்தப் பக்கத்தில் உங்களுக்குப் பொறுமையை உபதேசிக்கிற அதே ஆள்.

விஷயம் இதுதான். 'இடமில்லை, எதையாவது அழியுங்கள்' என்று என் போன் நாளுக்கு நாலு தடவை நச்சரித்தது. பெட்டியிலோ கொட்டை எழுத்தில் 64 ஜிபி! கடைக்காரர் தட்டிப் பார்த்தார்.

"அக்கா, கொஞ்ச ஜிபி சிஸ்டத்துக்கே போயிடும். மிச்சந்தான் உங்களுக்கு."

"அப்ப ஏன் அறுபத்துநாலு எண்டு எழுதியிருக்கினம்?"

"எல்லாப் போனும் உப்பிடித்தான் அக்கா."

இந்தப் பதிலைச் சந்தையில் கேட்டு வளர்ந்தவள் நான். நூறு கிலோ வெங்காயம் கொண்டுபோனால் 'கழிவு' என்று பத்துக் கிலோவை வியாபாரி கழித்துவிடுவார். ஏன் என்றால், வழக்கமாம். என் அண்ணன் மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டார். நிறுத்த மூட்டைகளைத் திரும்ப லாண்ட் மாஸ்டர் டிராக்டரில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார். சரியான பிடிவாதக்காரர். எனக்கும் அந்த இரத்தம்தானே...

கடைக்காரர் போனைத் துழாவினார்.

"இஞ்சை ஒராளின்ரை வீடியோ கனக்கக் கிடக்கு. தோட்டம், வெங்காயம், திரும்பவும் தோட்டம்... இதுகளை அழிச்சால் இடம் வரும். அழிக்கட்டே?"

அந்த ஒராள் என் அண்ணன்தான். உடுப்பிட்டியில் தன் தோட்டத்தில் நின்றபடி தினமும் காலையில் எனக்கு வீடியோ அனுப்புவார். பூச்சியைத் திட்டுவார், மழையைத் திட்டுவார், கடைசியில் "சாப்பிட்டியே?" என்று கேட்பார். போன மாசியில் மாரடைப்பில் போய்விட்டார்.

பதறிப்போய்ப் போனைப் பறித்துக்கொண்டேன்.

"தம்பி, முதல்லை உந்தச் சீட்டு விளையாட்டை அழியும். நான் கேளாமலே வந்து குந்திக்கொண்டிருக்கு."

"அது அழியாது அக்கா. கொம்பனி போட்டது."

பாருங்கள் நியாயத்தை! நான் ஒருநாளும் திறக்காத சீட்டு விளையாட்டு அழியாதாம். என் அண்ணனை அழிக்கலாமாம்!

போன் இயங்க இடம் வேண்டும், அது எனக்கும் விளங்குகிறது. எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் எனக்கு மிஞ்சுவது எவ்வளவு என்பதையும் அதே கொட்டை எழுத்தில் போட்டால் என்ன? வெங்காய வியாபாரியாவது கழிவை முகத்துக்கு நேரே சொன்னார். அதையே அண்ணன் ஏற்கவில்லை. இதை நான் ஏற்பேனா?

"வேணுமெண்டால் வீடியோவைக் கொம்பியூட்டரிலை போட்டு, ஒரு பென் டிரைவிலை கொப்பி எடுத்துத் தாறன். பிறகு போனிலை அழிப்பம்" என்றார் கடைக்காரர், பாவம்.

"கொப்பியை எடும். அழிக்க விடமாட்டன்."

காலையில் தேத்தண்ணீரோடு இருக்கும்போது அந்தக் குரல் என் கையில் இருக்க வேண்டும். கொப்பி அலுமாரிக்குள் கிடக்கட்டும்.

இன்று காலையும் போன் மிரட்டியது... இனிப் புதுப் படம் எடுக்க முடியாதாம். நல்லது, எடுக்கவில்லை. என் அண்ணன் கழிவுக்கு இல்லை!