தைவான் லஞ்ச் பாக்ஸும் சொக்குவின் ஆத்தாவும்

அன்னாசிப்பூவும் சோயாவும் சேர்ந்து கொதிக்கிற வாசனை... ஈப்போ கிரீன்டவுனில் மதியம் ஆபீஸ் படியிறங்கினால் அதுதான் முதலில் மூக்கில் ஏறும்.

கார் பார்க் ஓரத்தில் ஒரு ஃபுட் டிரக். நடத்தியது தைவானில் படித்துவிட்டு வந்த ஈப்போக்காரச் சீனப்பெண். நாங்கள் அமோய் என்றுதான் கூப்பிடுவோம். டப்பாவைத் திறந்தால் சுடுசோறு, மேலே உள்ளங்கையைவிடப் பெரிய சிக்கன் சாப், கொஞ்சம் புளிப்பு முள்ளங்கி, சோயாவில் ஊறிப் பழுப்பேறிய அரை முட்டை.

எல்லோரும் தப்பாவ் பண்ணி, டப்பாவைக் கையோடு வாங்கிக்கொண்டு ஆபீசுக்கு ஓடுவார்கள். நானும் சொக்குவும் மட்டும் டிரக்குக்குப் பின்னால் மரத்தடிச் சிமெண்டுக் கட்டையில் உட்கார்ந்து சாப்பிடுவோம்.

ஏன் பின்னால்? முன்னால் உட்கார்ந்தால் ரோட்டிலிருந்து தெரியும்.

சொக்கு என்கிற சொக்கலிங்கம் எங்கள் கட்டடத்திலேயே ஒரு ஆடிட் ஆபீசில் வேலை பார்த்தான். செட்டியார் வீட்டுப் பிள்ளை, டவுனில் ஜவுளிக்கடை. நான் இன்சூரன்ஸ் கவுண்டரில் வேலை பார்த்தேன். தஞ்சோங் ரம்புத்தான் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்களின் பேத்தி. சொக்கு குடும்பத்தில் அதுவரை யாரும் சாதிக்கு வெளியே பெண் எடுத்ததில்லை.

கல்யாணப் பேச்சை எடுத்தாலே, "கொஞ்சம் பொறு லா, நேரம் பாத்து வீட்டுல சொல்றேன்" என்பான். அந்த நேரம் வந்தபாடில்லை. எனக்கோ பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது.

எங்களுக்குள் ஒரு பழக்கம். எனக்கு மஞ்சள்கரு பிடிக்கும், அவனுக்கு வெள்ளை. என் முட்டையில் மஞ்சளைக் கடித்துக்கொண்டு மீதியை அவன் டப்பாவில் போடுவேன். அவன் பேசிக்கொண்டே எடுத்துச் சாப்பிடுவான்.

அன்றும் அப்படித்தான் போட்டேன்...

"சொக்கு."

நிமிர்ந்தால் அவன் அம்மா. அவர்கள் வழக்கப்படி இவன் அவரை ஆத்தா என்பான், ஊரார் ஆச்சி என்பார்கள். நறுவிசாகக் கட்டிய காட்டன் புடவை, கையில் மடக்கிய குடை. எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ தெரியாது. யாரோ பார்த்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

சொக்கு முகத்தில் ஈயாடவில்லை.

ஆச்சி என்னைத்தான் முதலில் கேட்டார். "நீ எந்த ஊரும்மா?"

"தஞ்சோங் ரம்புத்தான், ஆச்சி."

அந்தப் பேரைச் சொன்னால் அங்கிருக்கும் மனநல ஆஸ்பத்திரியை நினைத்து யாரானாலும் ஒரு கேலிச் சிரிப்பு சிரிப்பார்கள். ஆச்சி சிரிக்கவில்லை.

"அப்பா என்ன செய்றாரு?"

"லோரி ஓட்டுறாரு. முன்ன தோட்டத்துல இருந்தோம்."

தலையை ஆட்டிக்கொண்டார். மகன் பக்கம் திரும்பினார்.

"யாருடா இது?"

நான் மாதக்கணக்கில் காத்திருந்த கேள்வி. அவன் வாயையே பார்த்தேன்.

"இங்க... பக்கத்து ஆபீஸ்ல வேலை செய்றவங்க, ஆத்தா."

டப்பாவை அப்படியே அவன் தலையில் கவிழ்க்கலாமா என்றிருந்தது. கோபத்தைவிட அவமானம்தான் அதிகம். கண்ணில் தண்ணீர் முட்டியது, அது அவர் முன்னால் விழுந்துவிடக் கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஆச்சி குடை நுனியால் அவன் டப்பாவைக் காட்டினார்.

"பக்கத்து ஆபீஸ்காரங்க கடிச்சு வச்சதையெல்லாம் நீ திங்கிறியா?"

முட்டையில் என் பல் தடம் பளிச்சென்று தெரிந்தது. அவர்கள் வீட்டில் புருஷன் சாப்பிட்டு எழுந்த இலையில் பெண்சாதி சாப்பிட்டதுண்டு. பெண் கடித்ததை ஆண் தின்றதாகக் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார்கள்.

நான் எழுந்து பையைத் தோளில் மாட்டினேன். இன்னொரு பொய் சொன்னானென்றால் இத்தோடு சரி... திரும்பிப் பார்க்காமல் போய்விடுவது என்று முடிவு பண்ணிவிட்டேன்.

டிரக்குக்குள் எண்ணெய் இரைந்துகொண்டிருந்தது. அமோய்கூட கரண்டியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள்.

சொக்கு அந்த முட்டையை எடுத்து வாயில் போட்டான்.

மென்றான்... மென்றுகொண்டே இருந்தான். இத்தனூண்டு முட்டையை அவ்வளவு நேரம் மென்ற மனிதனை நான் பார்த்ததே இல்லை. விழுங்கிவிட்டு, "நான் கட்டிக்கப் போற பொண்ணு, ஆத்தா. பேரு சுமதி" என்றான்.

"சாயந்திரம் வீட்டுக்கு வந்து அப்பாக்கிட்ட நீயே சொல்லு."

அவ்வளவுதான். குடையை விரித்துக்கொண்டு ஆச்சி போய்விட்டார். நான் பொத்தென்று உட்கார்ந்தேன்.

கல்யாணம் லேசில் நடக்கவில்லை. சொந்தக்காரர்கள் பேசாத பேச்சில்லை. எப்படியோ நடந்தது. மாமா காலமானபின் ஆச்சி, இப்போது என் அத்தை, எங்களோடுதான் இருக்கிறார்.

அமோய் இப்போது கம்பார் டவுனில் கடை போட்டுவிட்டாள். போன வாரம் மூன்று பேரும் போயிருந்தோம். ஏர்கான், மெத்தை நாற்காலி, ஆளுக்கொரு டப்பா. யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயம் கிடையாது. டிரக்குக்குப் பின்னால் ஒளிந்து அள்ளிப் போட்டுக்கொண்ட அந்த ருசியும் ஏனோ கிடையாது. சொக்கு போனில் மூழ்கியிருந்தான். நான் அத்தையிடம் ரொம்ப நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன்.

"அன்னைக்கு என்னைப் பாத்ததுமே புடிக்காமப் போச்சுதானே அத்தை?"

"ஒன்னைய யாரு பாக்க வந்தா? நான் அவனப் பாக்கத்தான் வந்தேன்."

"அவரு கடைசி வரைக்கும் பொய்யே சொல்லியிருந்தா?"

அத்தை முள்ளங்கியை ஓரமாக ஒதுக்கினார்.

"ஒன்னைய தனியாக் கூப்புட்டு, இவன் வேணாம் தாயி, நல்ல பையனாப் பாருன்னு சொல்லியிருப்பேன்."

சொக்கு தலையைத் தூக்கி, "என்ன?" என்றான். ஒன்றுமில்லை என்றோம்.

அன்று அவன் வாயிலிருந்து வரப்போகிற ஒரு வார்த்தைக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது நான் மட்டும்தான் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.