பழைய பிழையைத் திரும்ப வைத்தவள்

லிஃப்ட்டுக்கு மின்பலகை செய்யும் கம்பெனியில் அவளுக்கு வேலை. அங்கிருந்த சிப்புக்கு ஒழுங்கான அசெம்ப்ளர் கிடைக்காததால், கல்யாணத்துக்கு முன்பு தானே ஒன்றை எழுதினாள். நாம் எழுதும் குட்டிக் குட்டிக் கட்டளைகளைச் சிப்புக்குப் புரியும் எண்களாக மாற்றித்தரும் மென்பொருள் அது. யாரும் எடுக்கலாம், யாரும் திருத்தலாம் என்று மூலநிரலோடு இணையத்தில் போட்டுவைத்தாள். எடுக்கப் பலர் வந்தார்கள். திருத்த வந்தவர் ஒரே ஒருவர். அவரும் ஓர் எழுத்துப்பிழையைச் சரிசெய்துவிட்டு, தன் பெயரை எங்கே போடுவீர்கள் என்று கேட்டார். கம்பெனி பிறகு வேறு சிப்புக்கு மாறிவிட்டது. அசெம்ப்ளர் மட்டும் அவள் தலையில் தங்கிவிட்டது.

மகளுக்குக் காய்ச்சல் என்று லீவு போட்டிருந்தாள். கட்டிலோரம் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தபோதுதான் அந்தத் தப்பு கண்ணில் பட்டது. நிரலில் வெகுதூரம் பின்னோக்கித் தாவச் சொன்னால், சிப் சொன்ன கட்டளைக்குப் போகாமல் ஓரிடம் தள்ளிப்போய் விழுந்தது. ஆரம்பத்திலிருந்தே அவள் செய்த தப்பு. வெட்கமாக இருந்தது. உடனே திருத்தி வெளியிட்டாள்.

மறுநாள் புகார்கள் குவிந்தன. எங்கிருந்தோ நம்பரைப் பிடித்து, பாட்டிலுக்கு மூடி போடும் மெஷினைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக் ஒருவர் போனே பண்ணிவிட்டார்.

"மேடம், நீங்க சரி பண்ணினதைப் போட்டதுலேர்ந்து மெஷின் மூடியைப் பாட்டில் மேல வைக்காம பக்கத்துல வைக்குது."

"இவ்வளவு நாளா இருந்ததுதாங்க தப்பு."

"தப்புன்னு தெரியும் மேடம். அதுக்குத் தக்கபடி ஒரு இடம் கூட்டித்தானே எழுதியிருக்கோம்."

"தெரிஞ்சும் ஏங்க ஒரு வார்த்தை சொல்லலை?"

"நீங்க வேணும்னே வெச்சிருப்பீங்கன்னு நெனச்சோம்."

அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. துணி மடித்துக்கொண்டிருந்த கணவன் கேட்டுக்கொண்டிருந்தான்.

"விட்டுத் தொலையேன். யாராவது பார்த்துக்கட்டும்."

"யாரு? பேரைச் சொல்லுங்க, இப்பவே குடுத்துடறேன்."

அவன் அடுத்த துணியை எடுத்தான்.

மகளுக்கு மருந்து கொடுத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தாள். தப்பை இருந்த இடத்திலேயே வைத்தாள். சரியானது வேண்டுமென்றால் தனியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளும்படி மாற்றினாள். திருத்தியதைவிடத் திரும்ப வைப்பதற்கு அதிக நேரம் பிடித்தது. விளக்கக்குறிப்பில் 'பிழை' என்று எழுதி, அழித்து, 'பழைய முறை' என்று போட்டாள்.

வெளியிட்டதும் மகளின் பக்கத்திலேயே படுத்துத் தூங்கிப்போனாள். போன் அடித்தது. அவள் எழுந்துவிடுவாளோ என்று கணவன் ஓடிவந்து எடுத்தான்.

"அவங்க தூங்கறாங்க," என்றான் தணிந்த குரலில். "தப்பெல்லாம் பழையபடியே இருக்குங்க. கவலைப்படாதீங்க."