தயாளன் பிடித்த சங்கிலி

கப்பல் பயணம் போகிறவர்களுக்கு யோசனை எழுதித் தரும்படி எங்கள் மூத்தோர் சங்கத்தில் என்னைக் கேட்டார்கள். சரியான ஆளைத்தான் கேட்டிருக்கிறார்கள். இருபத்திரண்டு தடவை ஏறியிருக்கிறேன். பினாங்குத் துறையிலிருந்து பதினாறு, சிங்கப்பூரிலிருந்து ஆறு. நான் படித்தது மூன்றாம் வகுப்பு வரைதான். சுங்கை பினாங்கில் லாரி கழுவிப் பிழைப்பைத் தொடங்கி, நாற்பது வயதுக்குள் சொந்தமாக டயர் கடை வைத்தவன். ஒருவர் தயவும் இல்லாமல் ஏறிய கப்பல்கள் இவை. என் மனைவி சந்திரிகாவுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. நான்கு தடவையோடு நிறுத்திக்கொண்டாள். நான் நிறுத்தவில்லை.

இருபத்தொரு பயணத்தில் எனக்குப் பயம் என்றால் என்னவென்று தெரியாது. இருபத்திரண்டாவதில் தெரிந்தது. ஐம்பது நிமிடம். அதை மறைத்துவிட்டு யோசனை மட்டும் எழுதினால் பொய்யாகிவிடும். அதனால் தயாளனைப் பற்றி எழுதுகிறேன்.

தயாளன் எங்கள் அடுக்குமாடியில் எனக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவன். பிறந்தது தாசேக் கெலுகோர் பக்கம், ரப்பர் தோட்டத்தில். பத்தொன்பது வயதில் ஃபெரியில் வேலைக்குச் சேர்ந்தான். பட்டர்வொர்த்துக்கும் பினாங்குத் தீவுக்கும் நடுவே கார்களையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு போய்வந்த பழைய ஃபெரி. அதன் கீழ்த்தட்டில், கார்கள் இறங்கும் முனையில், குறுக்கே இரண்டு இரும்புச் சங்கிலிகள் இருக்கும். இடுப்பு உயரத்தில் ஒன்று, முழங்கால் உயரத்தில் ஒன்று. கரை நெருங்கும்போது சங்கு ஊதும். தயாளன் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு மேல் சங்கிலியைக் கழற்றுவான். ஃபெரி துறையில் முட்டிய பிறகுதான் கீழ்ச் சங்கிலி. முப்பத்து மூன்று வருடம் அவனுக்கு இதுதான் வேலை.

ஒரு தடவை மோட்டார் சைக்கிள்காரர் ஒருவர் அவசரப்பட்டு, முட்டுவதற்கு முன்பே தாண்டப் பார்த்தாராம். தயாளன் காலரைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டான். அவர் அடிக்க வந்தார். “அடிங்க சார், ஆனா உள்ள நின்னு அடிங்க” என்றானாம். சாப்பாட்டுக் கடையில் இதை அவன் சொல்லும்போதெல்லாம் சிரிப்போம்.

“முப்பத்து மூணு வருசம் கடல்ல கிடந்திருக்க, அக்கரையத் தாண்டிப் போகலையே லா” என்று நான் கிண்டல் செய்வேன்.

“அதான் நீங்க போய்ட்டு வந்து சொல்றீங்களே அண்ணே. கேக்கறதுக்கே நேரம் பத்தல” என்பான்.

இரண்டு வருடமாக அவனுக்கு மறதி. குடித்த காப்பியையே இன்னும் வரவில்லையே என்று கேட்பான். ஒரு நாள் மாடி ஏறி வேறு வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டு நின்றான். அவன் மனைவி பிரமிளா ஒரு சாவிக்கொத்தைப்போல அவனை இடுப்பிலேயே கட்டிக்கொண்டு திரிந்தாள். அவள் முகம் வாடிப் போனதைப் பார்த்து, மூன்று இரவுப் பயணத்துக்கு இரண்டு பேரையும் நானே கிளப்பினேன்.

“வேணாம் அண்ணே. அவ்வளவு பெரிய கப்பல்ல இவர எப்படிப் பாத்துக்கறது?” என்றாள்.

“நான் இருக்கேன்ல. கண்ண மூடிக்கிட்டே அந்தக் கப்பல்ல நடப்பேன். உன் புருசன் என் பொறுப்பு.”

அந்த வார்த்தையை நான்தான் கொடுத்தேன்.

பெட்டி கட்டும்போதே அவளுக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். உங்களுக்கும் சொல்கிறேன். மருந்தைப் பெரிய பெட்டியில் வைக்காதீர்கள். துறையில் கொடுத்த பெட்டி அறைக்கு வந்து சேர அந்தியாகிவிடும். கைப்பையில் வையுங்கள். தண்ணீர் சுடவைக்கும் கெட்டில், இஸ்திரிப் பெட்டி, சூடம் எதுவும் கூடாது. வாங்கி வைத்துக்கொண்டு இறங்கும்போதுதான் தருவார்கள். அறையைக் கப்பலின் நடுவில், கீழ்த்தளமாகப் பார்த்து எடுங்கள், ஆட்டம் குறைவு. குமட்டினால் ‘அசாம் போய்’ என்கிற உப்புப் போட்ட புளிப்புப் பழம் ஒன்றை வாயில் ஒதுக்கிக்கொள்ளுங்கள். முக்கியமாக, அறைக் கதவெல்லாம் இரும்பு, எல்லாம் ஒரே மாதிரி, நடைபாதையும் ஒரே மாதிரி. ஒரு காந்தப் பொம்மையை வெளியே ஒட்டிவிடுங்கள். பிரமிளா பிள்ளையார் காந்தம் ஒன்று ஒட்டினாள்.

கப்பல் புறப்படும் முன் அவசரப் பயிற்சி நடக்கும். பலர் அலட்சியமாகப் போனில் பேசிக்கொண்டு நிற்பார்கள். நிற்காதீர்கள். எங்களை ஏழாம் தளத்துக்கு வெளியே, உயிர்காப்புப் படகுகளின் கீழ் நிறுத்தினார்கள். அங்கே படகில் ஏறுவதற்காகக் கைப்பிடிக் கம்பியில் ஒரு இடைவெளி விட்டிருந்தது. அதன் குறுக்கே இரண்டு சங்கிலிகள். தயாளன் அதைத் தொட்டு இழுத்துப் பார்த்தான்.

“நல்ல சங்கிலி அண்ணே” என்றான்.

நான் சிரித்தேன். சிரித்ததோடு விட்டுவிட்டேன்.

முதல் இரண்டு நாளும் நன்றாகத்தான் போயின. புக்கெட்டில் இறங்கி இளநீர் குடித்தான். மூன்றாம் நாள் நடுக்கடல். மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மழை பிடித்தது. கண்ணாடிக்கு வெளியே வெள்ளை வேட்டியைத் தொங்கவிட்டது போல, கடலும் தெரியவில்லை, வானமும் தெரியவில்லை. அப்படி மறைத்துக்கொண்டால் கப்பல் இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை சங்கு ஊதும், மற்றக் கப்பல்கள் விலகிக்கொள்ள. தெரியாதவர்கள் பயந்துவிடுவார்கள். எனக்குப் பழக்கம்.

பிரமிளாவுக்குத் தலைவலி. “நீ போய்ப் படும்மா, நான் பாத்துக்கறேன்” என்று அனுப்பினேன். பக்கத்து மேசையில் நோர்மா என்றொரு மலாய்ப் பெண்ணும் அவள் கணவரும். முதல் பயணம். சங்குச் சத்தத்தில் வெளிறிப் போயிருந்தார்கள். நான் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, இருபத்திரண்டு பயணத்தையும் அவர்களுக்கு விளக்கத் தொடங்கினேன். எந்தத் தளத்தில் ஆட்டம் குறைவு, எந்த நேரத்தில் லிஃப்டில் கூட்டம் இருக்காது என்று. பத்து நிமிடம் இருக்கும். திரும்பிப் பார்த்தால் தயாளனின் நாற்காலி காலி. தேநீரில் ஆவி போய்க்கொண்டிருந்தது.

மணி மூன்று ஐந்து.

கழிப்பறையில் பார்த்தேன். இல்லை. சாப்பாட்டு வரிசையில் இல்லை. அறைக்கு ஓடினேன். பிள்ளையார் மட்டும் கதவில் இருந்தார். பிரமிளாவை எழுப்பவில்லை; எழுப்ப எனக்குத் துணிவில்லை. எல்லாத் தளத்திலும் அறை எண் ஒரே மாதிரி இருக்கும், தளம் மட்டும் மாறும் என்பதால், மேல்தளத்திலும் கீழ்த்தளத்திலும் அதே இடத்துக் கதவுகளைப் போய்ப் பார்த்தேன். நீண்ட நடைபாதை. ஒரு ஆள் இல்லை. தலைக்கு மேல் எங்கிருந்தோ சங்கு ஊதிற்று. அது ஊதி முடிந்த பிறகு வரும் அமைதிதான் என்னைக் கொன்றது.

கப்பல் அலுவலகத்தில் சொன்னேன். ஹஸ்ருல் என்ற பாதுகாப்பு இளைஞன் வந்தான். அமைதியாகத்தான் கேட்டான்.

“என்ன நிறச் சட்டை, அங்கிள்?”

எனக்குத் தெரியவில்லை. ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டவன் நான்.

“நீந்தத் தெரியுமா?”

“ஃபெரியில வேலை செஞ்சவன்” என்றேன். கேட்டதற்கு அது பதில் இல்லை என்று எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். அவன் திரும்பி ரேடியோவில் மெதுவாகப் பேசினான். கப்பலின் பக்கவாட்டுக் கேமராவைப் பின்னுக்கு ஓட்டிப் பார்க்கச் சொல்கிறான். எதற்கு அதைப் பார்ப்பார்கள் என்று இருபத்திரண்டு தடவை ஏறியவனுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஒலிபெருக்கியில் தயாளன் பெயரைக் கூப்பிட்டார்கள். அதைக் கேட்டுப் பிரமிளா செருப்பில்லாமல் ஓடி வந்தாள்.

“எங்கண்ணே அவரு?”

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். சுவரைப் பிடித்துக்கொண்டு, “சட்டை நீலம், கட்டம் போட்டது” என்று ஹஸ்ருலிடம் மட்டும் சொன்னாள். திரும்பவும் சங்கு. அவள் தலையை நிமிர்த்தினாள்.

“சாப்பிடும்போது இந்தச் சத்தம் கேக்கறப்பல்லாம் கையத் துடைச்சாரு அண்ணே. கால்சட்டையில. எண்ணெய் போலன்னு நெனைச்சேன்.”

நானும் பார்த்தேன். நானும் எண்ணெய் என்றுதான் நினைத்தேன்.

“ஏழாம் தளம்” என்றேன். “சங்கிலி.”

ஏழாம் தளத்தின் வெளிக்கதவைப் பார்த்ததும் ஹஸ்ருல் தயங்கினான். தரை வழுக்கும், பயணிகள் போகக் கூடாது என்று குறுக்கே கயிறு கட்டியிருந்தது. கயிறு அவிழவில்லை, அதனால் ஆட்கள் அங்கே தேடவில்லை. ஆனால் தயாளன் அவன் கணக்கில் பயணி இல்லையே. கயிற்றைக் கழற்றி, உள்ளே போய், ஒழுங்காகத் திரும்ப மாட்டிவிட்டுத்தான் போயிருந்தான்.

கதவைத் திறந்ததும் மழை முகத்தில் அறைந்தது. இருபது அடி தள்ளி நின்றான். மேல் சங்கிலி கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. கீழ்ச் சங்கிலியின் கொக்கி அவன் கையில். அவனுக்கு முன்னால் ஒன்றுமில்லை. கீழே நுரையும் இரைச்சலும்.

ஹஸ்ருல் பாயப் பார்த்தான். அவன் தோளைப் பிடித்து நிறுத்தினேன். ஈரத் தரை. இவன் பிடிக்க, அவன் உதற, இரண்டு பேரும் போய்விடுவார்கள்.

“டேய் தயா, வாடா உள்ள” என்றேன். கடையில் ஆட்களை அதட்டுகிற குரல் அது.

“பின்னால நில்லுங்க” என்றான், திரும்பாமலே.

“என்னங்க, நான்தாங்க” என்றாள் பிரமிளா.

“மேல போ பிரமிளா. கார் எறங்குற எடத்துல ஆளுங்க நிக்கக் கூடாது.”

அப்போது ஒரு பெரிய அலை வந்து கப்பலின் வயிற்றில் மோதியது. தரை உதறிற்று. தயாளன் கொக்கியை வளையத்திலிருந்து பாதி தூக்கிவிட்டான்.

“முட்டிருச்சா?” என்று கேட்டான்.

என் வாழ்நாளில் யாரும் என்னிடம் அதைவிடப் பெரிய கேள்வி கேட்டதில்லை.

“இல்ல” என்றேன். “இன்னும் முட்டல.”

கொக்கி மெதுவாக இறங்கியது. அவன் தலையை ஆட்டிக்கொண்டான். முப்பத்து மூன்று வருடம் முட்டாமல் கழற்றாத கை. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் அவன் இவ்வளவு நேரமும் நின்றிருக்கிறான் என்று எனக்குப் பட்டது. ஆனால் அடுத்த அலைக்கு நான் என்ன சொல்வது?

“தயா, ஷிஃப்ட் மாறுது. நான் எடுத்துக்கறேன்.”

அப்போதுதான் திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தான். மழை அவன் புருவத்திலிருந்து ஒழுகியது.

“உங்களுக்கு இந்த வேலை தெரியாதே அண்ணே.”

வேறு யாராவது சொல்லியிருந்தால் நான் விட்டிருக்க மாட்டேன்.

“தெரியாது” என்றேன். “சொல்லிக் குடு.”

“கையத் தொடைங்க.”

துடைத்தேன். நனைந்த கால்சட்டையில் நனைந்த கை.

“வலது கால் பின்னால. தண்ணியப் பாக்காதீங்க, இழுக்கும். சங்கிலிய மட்டும் பாருங்க.”

ஒவ்வொரு அடியாக வைத்து அவன் பக்கத்தில் போனேன். அவன் சொன்னபடி காலைப் பின்னால் வைத்தேன். தண்ணீரைப் பார்க்கக் கூடாது என்றான், பார்த்துவிட்டேன். அந்த நொடியில் எனக்கு டயர் கடையும் இல்லை, இருபத்திரண்டு பயணமும் இல்லை. அவன் என் விரல்களை எடுத்துக் கொக்கியின் மேல் ஒவ்வொன்றாக மடித்து வைத்தான். அவன் கை சூடாக இருந்தது.

“யாரு அவசரப்படுத்தினாலும் எடுக்காதீங்க. முட்டட்டும்.”

“சரி லா.”

அவன் கையை விட்டான். ஹஸ்ருல் பின்னாலிருந்து அவன் இடுப்பை வளைத்து உள்ளே கூட்டிக்கொண்டு போனான். பிரமிளா அவன் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்று தயாளன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான், நான் ஒழுங்காகப் பிடிக்கிறேனா என்று. அவன் கண்ணை விட்டு மறையும்வரை நான் கொக்கியை விடவில்லை. மறைந்த பிறகும் விட முடியவில்லை. விரல் பூட்டிக்கொண்டது. ஹஸ்ருல் திரும்பி வந்து மேல் சங்கிலியை மாட்டிவிட்டு, என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான்.

மணி மூன்று ஐம்பத்தைந்து.

இப்போது யோசனை கேட்டவர்கள் கேளுங்கள். மறதி உள்ளவரைக் கூட்டிப் போனால், ஏறும்போதே கப்பல்காரரிடம் சொல்லிவிடுங்கள். வெட்கப்பட்டுக்கொண்டு மறைக்காதீர்கள்; நாங்கள் மறைத்தோம். தினமும் காலையில் உடுத்தியதும் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள், சட்டை நிறம் கேட்டால் காட்ட. அறை அட்டையைக் கழுத்தில் மாட்டிவிடுங்கள். அவர் வாழ்நாளில் என்ன வேலை செய்தார் என்பதை மறக்காதீர்கள். தொலைந்தால் முதலில் அங்கே தேடுங்கள். பொறுப்பு எடுத்தவர் பக்கத்து மேசைக்காரரிடம் பேசக் கூடாது.

மறுநாள் காலை கப்பல் பினாங்குக்குத் திரும்பியது. மழை விட்டிருந்தது. மேல்தளத்தில் மூன்று பேரும் நின்றோம். பிரமிளாவின் ஒரு கை அவன் சட்டை நுனியை முறுக்கிப் பிடித்திருந்தது. நான் மறுபக்கம். நேற்று நடந்தது எதுவும் அவனுக்கு ஞாபகம் இருப்பதாகத் தெரியவில்லை. கரைக் கட்டிடங்களைப் பார்த்து, “நம்ம ஊரு மாதிரியே இருக்கு அண்ணே” என்றான்.

கப்பல் துறையில் மெல்ல உரசி, லேசாக ஒரு அதிர்வு கொடுத்து நின்றது. பக்கத்தில் நின்ற யாருக்கும் அது தெரிந்திருக்காது. தயாளன் என் பக்கம் திரும்பினான்.

“முட்டிருச்சு அண்ணே. இப்ப எடுங்க.”

நான் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, இல்லாத கொக்கியைத் தூக்கி எடுத்தேன். அவன் சரி என்று தலையை ஆட்டிய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.