ஃபாரம் அக்காவும் பச்சைப் பெட்டியும்

வரி ஆபீஸுக்கு நேர் எதிர்ல என் ஜெராக்ஸ் கடை. கடையில பாதி மெஷினு, கால்வாசி நானு, மீதிக் கால்வாசி ஃபாரம் அக்கா. ஒரு மேசை, ரெண்டு நாற்காலி, ஒரு குண்டூசி டப்பா, அவ்வளவுதான் அவங்க ஆபீஸு. மாசம் பொறந்தா மேசைக்கு வாடகை குடுத்துடுவாங்க. ஆனா அதுல ஒரு பங்கை உங்க மெஷின் போடுற சத்தத்துக்கு நஷ்டஈடுன்னு கழிச்சுட்டுத்தான் குடுப்பாங்க. நானும் வாங்கிப் போட்டுக்குவேன். அவங்ககிட்ட வாதாடி ஜெயிச்சவன் இன்னும் பொறக்கலை.

என்னைவிட மூணு வயசு இளையவங்க. தெருவே அக்கான்னு கூப்பிடுறப்ப நான் மட்டும் தங்கச்சின்னா எடுபடுமா? நானும் அக்கான்னுட்டேன். அவங்க என்னை அண்ணேம்பாங்க. புதுசா வர்றவன் ரெண்டு பேர் மூஞ்சியையும் மாறி மாறிப் பார்த்துட்டு, யாருக்கு வயசு கூடன்னு கேக்க பயந்துக்கிட்டு உக்காந்திருப்பான்.

முன்னாடி அக்கா ஒரு லாரி புக்கிங் ஆபீஸுல பத்தொம்பது வருசம் கிளார்க்கு. எந்த மூட்டை எங்க போகுது, எத்தனை மூட்டை கிழிஞ்சிருக்குன்னு எழுதுற வேலை. முதலாளி மகன் பொறுப்புக்கு வந்தான், மூணே வருசத்துல லாரி எல்லாம் அடுத்தவன் ஷெட்டுல நின்னுச்சு. அக்கா வீட்டுக்காரர் வாட்ச்மேன். ராத்திரி வேலை, பகல்ல தூக்கம்னு சொல்லிக்கிறாரு. ராத்திரியும் தூக்கம்தான்னு அந்தப் பக்கம் பால் ஊத்துறவன் சொல்றான். நான் சொன்னேன்னு வெளிய சொல்லிடாதீங்க. மொத்தத்துல அந்த வீட்டு அடுப்பு எரியறது அக்கா பேனாவுலதான்.

அவங்க கையில அதிகமா வர்ற கேஸு எதுன்னா, அபராதத் தள்ளுபடி மனு. வருமானம் இருக்கோ இல்லையோ, வரி நம்பர் வாங்கினவன் வருசா வருசம் தேதிக்குள்ள ஃபாரம் போட்டாகணும். தேதி தாண்டினா ஒவ்வொரு நாளைக்கும் அபராதம் ஏறும். நியாயமான காரணம் இருந்துச்சுன்னா அதிகாரி தள்ளுபடி பண்ணலாம். அந்தக் காரணத்தை எழுதிக் குடுக்கத்தான் அக்கா.

வரி ஆபீஸ் படிக்கட்டுக்குக் கீழ இன்னொருத்தர் உக்காந்து இதே மனு எழுதுறாரு. அவரு யாரு வந்தாலும் காய்ச்சல்னு எழுதி, ஒரு டாக்டர் சீட்டையும் சேர்த்துடுவாரு. அவரு எழுதினதை எல்லாம் நிஜம்னு நம்பினா இந்தத் தெருவுல மனுசங்களே மிஞ்சியிருக்க மாட்டாங்க. அக்கா பொய் எழுத மாட்டாங்க. பெரிய அரிச்சந்திரன் வம்சம்னு நினைச்சுக்காதீங்க. கேட்டா, "பொய் எழுதினா அதை ஞாபகம் வச்சுக்கணும்ணே, எனக்கு வாங்கப் போன சாமானே ஞாபகம் இருக்கறதில்ல"ம்பாங்க.

ஒரு வியாழக்கிழமை தொட்டிக்காரர் வந்தாரு. மாடியில இருக்கற தண்ணித் தொட்டிக்குள்ள இறங்கித் தேய்ச்சுக் கழுவுறது அவரு தொழில். எலும்பும் தோலுமா இருக்கறதுதான் அவரு போட்ட முதலு, ஒரு சுத்து சதை போட்டா தொட்டி வாயில மாட்டிக்குவாரு. பின்னாடியே அவரு சம்சாரம், கையில ஒரு கவரு. அந்தம்மா உக்காரும்போதே பேச ஆரம்பிச்சுடுச்சு.

"பாருங்கக்கா, மூணு வருசமா ஃபாரமே போடலையாம். ஆறு மாசம் இவரு தொட்டி தொட்டியா இறங்கினாலும் கட்ட முடியாத அபராதம் வந்திருக்கு."

அக்கா கண்ணாடியை மாட்டிப் படிச்சாங்க. வரி சைபர். மூணு வருசமும் சைபர். அந்த அளவுக்குத்தான் மனுசன் சம்பாத்தியம். ஆனா அபராதம் மட்டும் மூணு வரிசைக்கு நிக்குது. சுண்டைக்கா கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு சொல்லுவாங்கல்ல, இங்க சுண்டைக்காயே கிடையாது, சுமைகூலி மட்டும்தான்.

"இப்ப என்ன அவசரம்?"ன்னாங்க அக்கா.

தொட்டிக்காரர் மெதுவாச் சொன்னாரு. "பெரிய ஆஸ்பத்திரியில எட்டுத் தொட்டிக்கா. மாசா மாசம் கழுவணும், மாசா மாசம் சம்பளம். வரி ஆபீஸுல பாக்கி இல்லைன்னு சர்டிபிகேட்டு கேக்குறாங்க. மாசக் கடைசிக்குள்ள குடுக்கலேன்னா அடுத்த ஆளுக்குப் போயிடும்."

"இன்னும் பன்னெண்டு நாளுதான் இருக்கு"ன்னுச்சு சம்சாரம். "காய்ச்சல்னு எழுதிடுங்கக்கா. கீழ உக்காந்திருக்கறவரு அப்படித்தான் எழுதலாம்னாரு."

"மூணு வருசமும் அதே தேதியில காய்ச்சலா? காய்ச்சல் என்ன காலண்டர் பார்த்தா வருது?" அக்கா பேனாவை மூடி வச்சாங்க. "நடந்ததை வரிசையாச் சொல்லு. ஏன் போடலை?"

"போட்டேனேக்கா."

"எங்க போட்ட?"

"பெட்டியில."

"எந்தப் பெட்டி?"

"ஆபீஸ் வாசல்ல தொங்குதே, பச்சைப் பெட்டி."

நான் மெஷின்ல வச்ச பேப்பரை அப்படியே விட்டுட்டேன், அது உள்ள போய்ச் சிக்கிக்கிச்சு. அது ஆலோசனைப் பெட்டி. ஆபீஸ் எப்படி நடக்கணும்னு ஜனங்க யோசனை எழுதிப் போடறதுக்கு வச்சது. மேல இருந்த எழுத்து வெயில்ல அழிஞ்சு, இப்ப வெறும் பச்சைதான் இருக்கு.

மனுசன் விவரமாச் சொன்னாரு. முதல் வருசம் கடைசி நாளு, ஒரு தொட்டியை முடிச்ச கையோட ஓடி வந்திருக்காரு. உடம்பெல்லாம் சொட்டச் சொட்ட ஈரம். வரிசை மாடி வரைக்கும். நிக்குறவன் எல்லாம் ஒதுங்கி ஒதுங்கிப் போறான், கையில ஃபாரம் வேற நனையுது. பார்த்தா வாசல்ல வாய் வச்ச ஒரு பெட்டி. மடிச்சு உள்ள போட்டுட்டாரு. அதுக்கப்புறம் வருசா வருசம் அதே பெட்டி.

"ரசீது வேணும்னு தோணலையா?"

"தபால் பெட்டியில போட்டா ரசீதா குடுக்குறாங்க?"

"தொட்டிக்குள்ள இறங்கத் தெரியுது, கவுன்ட்டர் முன்னாடி நிக்கத் தெரியலை"ன்னுச்சு சம்சாரம். "இதைக் கட்டிக்கிட்டு நான் படற பாடு."

அவங்க போனப்புறம் நான் அக்கா பக்கத்துல நாற்காலியை இழுத்துப் போட்டேன். எனக்கு ஒரு சேதி தெரியும். அந்தப் பெட்டிக்குன்னு ஒரு ரிஜிஸ்டர் இருக்கு. ஒவ்வொரு திங்கக்கிழமையும் பெட்டியைத் திறந்து பார்த்து எழுதணும். வருசக் கடைசியில அதை ஜெராக்ஸ் எடுக்கறது நான்தான். ஒவ்வொரு வாரமும் 'திறந்து பார்க்கப்பட்டது, எதுவும் இல்லை'ன்னு எழுதி அதிகாரி கையெழுத்து. இப்ப இருக்கற அதிகாரி வந்து எட்டு மாசம், அவரும் விடாம எட்டு மாசம் போட்டிருக்காரு. ஆனா பெட்டி சாவி தொலைஞ்சு எந்தக் காலமோ ஆச்சு.

"இதை வச்சு அதிகாரியை ஒரு பிடி பிடிச்சுடலாம்க்கா"ன்னேன்.

"பிடிச்சா உதறிட்டுப் போயிடுவாரு. அப்புறம் கையெழுத்து யாரு போடுவா, நீங்களா?" கொஞ்ச நேரம் பேனா மூடியைக் கடிச்சுக்கிட்டு இருந்தாங்க. "திங்கக்கிழமையா? சரி, அப்ப திங்கக்கிழமை காலையிலயே போவோம். நீங்களும் கடையை மூடிட்டு வாங்க, சாட்சிக்கு ஒரு ஆளு வேணும்."

கூப்பிடலேன்னாலும் போயிருப்பேன்.

திங்கக்கிழமை காலையில நாங்க நாலு பேரும் அதிகாரி முன்னாடி நின்னோம், மனு நாலே வரி. 'ஃபாரம் மூணும் தேதிக்குள்ள போட்டதா மனுதாரர் சொல்றாரு, தப்பான பெட்டியில போட்டுட்டாரு, அது உங்க வாசல்லதான் இருக்கு, திறந்து பார்த்து ஆவன செய்யணும்.' அதிகாரி படிச்சாரு. திருப்பியும் படிச்சாரு.

"என்னம்மா, இதுல காய்ச்சல் இல்லையா?"

"இல்லீங்க சார். ஆளு நல்லாத்தான் இருந்தாரு."

பியூனைக் கூப்பிட்டாரு. "அந்தப் பெட்டி சாவி எங்கய்யா?"

"எனக்கு முந்தி இருந்தவரு காலத்துலயே காணாமப் போச்சு சார்."

"அப்ப திங்கக்கிழமை திங்கக்கிழமை..." அதோட நிறுத்திட்டாரு. யாரு கையெழுத்துன்னு அவருக்கே ஞாபகம் வந்துடுச்சு. மூஞ்சி இறுகிப் போச்சு. மனுவை மேசையில தள்ளி வச்சாரு. "பெட்டியை எல்லாம் நினைச்ச நேரத்துக்குத் திறக்க முடியாதும்மா. மேலிடத்துல கேக்கணும். ரெண்டு மாசம் ஆகும்."

தொட்டிக்காரர் சம்சாரம் கையில இருந்த கவரை நெஞ்சோட அணைச்சுக்கிச்சு. மாசக் கடைசிக்கு இன்னும் எட்டு நாளுதான் இருந்துச்சு.

அக்கா குரலை ஏத்தவே இல்லை. "சார், இன்னைக்குத் திங்கக்கிழமைங்க. திறக்குற நாளு. இன்னைக்கு வரி இன்னும் எழுதியிருக்க மாட்டீங்க. திறந்து உள்ளதை எழுதினா முடிஞ்சுது. முந்தின பக்கமெல்லாம் நான் பார்த்ததில்லை, எனக்குத் தேவையும் இல்லை."

அவரு மனுவைத் திருப்பி எடுத்தாரு. "இதுல ரிஜிஸ்டரைப் பத்தி ஒண்ணும் எழுதலையே."

"இவரு ரிஜிஸ்டர்ல போடலீங்களே சார், பெட்டியிலதானே போட்டாரு."

அதிகாரி மனு மேல ஒரு பேப்பர் வெயிட்டை எடுத்து வச்சாரு. அப்புறம் எந்திரிச்சு, "சாவி இல்லாம எப்படித் திறக்கறது?"ன்னாரு.

தொட்டிக்காரர் இடுப்புப் பையில இருந்து சின்ன எண்ணெய் டப்பாவும் ஸ்க்ரூ டிரைவரும் எடுத்தாரு. "தொட்டி மூடியில இதைவிடத் துருப்பிடிச்ச பூட்டெல்லாம் இருக்கும் சார்"ன்னாரு. அஞ்சு நிமிசத்துல பூட்டு கையோட வந்துடுச்சு.

பியூன் பெட்டியைத் தூக்கித் தலைகீழாக் கொட்டப் போனான். அக்கா அவன் கையைப் பிடிச்சுட்டாங்க. "கவுக்காதீங்க தம்பி. மேல இருந்து ஒண்ணொண்ணா எடுங்க. எடுத்த வரிசையிலயே மேசையில வைங்க."

ஆபீஸு பூராவும் கூடிடுச்சு. உள்ள என்ன இல்லைங்கறீங்க. ஒரு சீப்பு, மிட்டாய்க் காகிதம், பல்லி முட்டை, முன்னாடி கவுன்ட்டர்ல இருந்த பொண்ணுக்கு யாரோ எழுதின கவிதை. அந்தப் பொண்ணுக்கு இப்ப ரெண்டு பிள்ளைங்க. நடுவுல ஒரு மொட்டைக் கடுதாசி, பியூன் சத்தமா வாசிச்சான். "இந்த ஆபீஸுல பேனாவுக்குக் கயிறு கட்டியிருக்காங்க, ஓடிப்போற கிளார்க்குக்குத்தான் கட்டலை." அதிகாரி, "யாரு இதை எழுதினது?"ன்னாரு. நான் ஃபேன் எப்படிச் சுத்துதுன்னு பார்த்துக்கிட்டு இருந்தேன். அக்காவுக்கு என் கையெழுத்து நல்லாவே தெரியும். அவங்களை யாரும் கேக்கலை, அவங்களும் சொல்லலை.

ஃபாரமும் வந்துச்சு, மூணு. மடிப்புக்கூடக் கலையாம. அடியில கிடந்ததுல தண்ணி பட்டுக் காஞ்ச கறை.

சம்சாரம் கண்ணைத் துடைச்சுக்கிச்சு. ஆனா அதிகாரி ஒத்துக்க முடியாதுன்னு தலையாட்டினாரு. "ஃபாரம் இருக்கு, சரி. அதுல இருக்கற தேதி இவரு கையால எழுதினது. போன வாரம் எழுதிப் போட்டிருந்தா?"

"அதுக்குத்தான் சார் கவுக்க வேணாம்னேன்"ன்னாங்க அக்கா.

ஆபீஸு வாசல்ல குப்பைக்கூடை இல்லைங்கறதை அதிகாரிகிட்ட அவங்க எவ்வளவு பதமாச் சொன்னாங்க தெரியுமா. கவுன்ட்டர்ல குடுக்குற டோக்கன்ல நம்பரும் தேதியும் அச்சாகியிருக்கும். வேலை முடிஞ்சவன் அதைக் கசக்கி அந்தப் பெட்டிக்குள்ளதான் போட்டுட்டுப் போறான். ஃபாரத்துக்குக் கீழயும் டோக்கன், மேலயும் டோக்கன். அதிகாரி ஒவ்வொண்ணா விரிச்சுப் பார்த்தாரு. முதல் வருசம், கீழயும் மேலயும் கடைசி நாள் தேதி. ரெண்டாம் வருசம், கடைசி நாளுக்கு முந்தின நாள். பியூன் மூணாவதை எடுத்தான்.

"சார்"னாங்க அக்கா. அவங்கதான் முதல்ல பார்த்தாங்க. "இந்த வருசம் ஏழு நாள் லேட்டு சார்."

எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. யாரும் கவனிக்கலையே, சும்மா இருந்தா என்ன? சம்சாரம் புருசனைப் பார்த்த பார்வையில துரு தானா உதிர்ந்திருக்கும். "தேதிக்குள்ள போட்டேன் போட்டேன்னு தலையில அடிச்சு..."

"அந்த வாரம்தானே உன் தம்பி வீடு மாத்தினான்"ன்னாரு தொட்டிக்காரர். "பீரோவை மூணு மாடி ஏத்தச் சொன்னது யாரு?"

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துடுச்சு. எட்டு மாசத்துல அவரு பல்லை அன்னைக்குத்தான் நாங்க பார்த்தோம்.

உள்ள போய் உக்காந்து ஒரு பக்கம் எழுதினாரு. ரெண்டு வருசத்து அபராதம் முழுத் தள்ளுபடி. மூணாவது வருசத்துக்கு ஏழு நாள் அபராதம் மட்டும். "லேட்டானதை அவங்களே சொன்னதால மத்த ரெண்டையும் நான் தைரியமா எழுதலாம்"னாரு. அக்கா ஏன் தானா வாயைத் திறந்தாங்கன்னு எனக்கு அப்பத்தான் விளங்குச்சு. ரிஜிஸ்டரைத் திறந்து அன்னைக்குத் தேதியில, 'திறக்கப்பட்டது, ஃபாரம் மூணு, கடுதாசி பதினெட்டு'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டாரு.

ஏழு நாள் அபராதத்தைச் சம்சாரமே தன் பர்ஸுல இருந்து எடுத்துக் கட்டுச்சு. "தம்பிகிட்ட வாங்கிக்கறேன்"னுச்சு. எப்ப வாங்கப்போகுதோ.

புதன்கிழமை சர்டிபிகேட்டு வந்துச்சு. என்கிட்ட மூணு காப்பி எடுத்தாங்க, நான் ரெண்டுக்குத்தான் காசு வாங்கினேன். அக்கா தன் கூலியை வாங்கி எண்ணாம டப்பாவுல போட்டுக்கிட்டு, அடுத்த ஆளைப் பார்த்து, "நடந்ததை வரிசையாச் சொல்லு"ன்னுட்டாங்க. தொட்டிக்காரர் இன்னொரு தரம் நன்றி சொல்ல நின்னாரு, போய் வேலையைப் பாருன்னு கையைக் காட்டிட்டாங்க.

அடுத்த வாரமே ஆஸ்பத்திரி மாடியில முதல் தொட்டிக்குள்ள இறங்கிட்டாராம். சம்சாரம் மேல நின்னு டார்ச் அடிச்சிருக்கு. அங்க வேலை பார்க்கற நர்ஸு ஒருத்தி என்கிட்ட சொன்னா, உள்ள இருந்து தேய்க்குற சத்தத்தைவிட மேல இருந்து வர்ற சத்தம்தான் மூணு வார்டுக்குக் கேட்டுச்சாம். "அந்த மூலை, அந்த மூலை, கண்ணு தெரியலையா, அங்கதான் பாசி இருக்கு."