பவுடர் முகத்துக்கு ஒரு மாலை

என் சிநேகிதி கலாவதி போய்விட்டாள் என்று அவள் அண்ணன் போனில் சொன்னபோது நான் வங்கியில் இருந்தேன். கவுண்டரில் ஆட்கள் நின்றதால் அழக்கூட முடியவில்லை. பிறகு இந்த ஊர் ஔந்து பகுதியில் நம் தமிழ் மன்றத்தார் நடத்திய இரங்கல் கூட்டத்துக்குப் போனேன். அங்கே மாலை போட்டு வைத்திருந்த படத்தைப் பார்த்ததிலிருந்து ஆத்திரம் அடங்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் அவளுக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. பழைய பத்திரிகைகளில் வந்த முகம் வெளுக்கப் பூசும் ஸ்னோ, சோப்பு, டானிக் விளம்பரங்களைத் தேடி எடுப்பாள். அதே புடவை, அதே கொண்டை, அதே சிரிப்போடு தானே உட்கார்ந்து தன்னையே படம் பிடிப்பாள். டைமரை அழுத்திவிட்டு ஓடுவாள். தெர்மாகோல் அட்டையைப் பிடித்து அவள் முகத்தில் வெளிச்சம் விழவைப்பது என் ஞாயிற்றுக்கிழமை உத்தியோகம். எதற்கடி இதெல்லாம் என்று கேட்டேன். "இதுல என்னை மாதிரி ஒருத்தி எங்கட்டி இருக்கா? அதான் நானே போய் உக்காந்துட்டேன்" என்றாள்.

கேம்ப் கடைத்தெருவில் ஒரு ஸ்டுடியோக்காரர் அவள் கேட்காமலே முகத்தை வெளுப்பாக்கி பிரிண்ட் போட்டுவிட்டு, "தோடா கோரா கர் தியா, மேடம்" என்று, கொஞ்சம் சிவப்பாக்கிவிட்டதாக இந்தியில் பெருமைப்பட்டார். அவள் திருப்பிக் கொடுத்தாள். தன் நிறம் வரும்வரை மூன்று முறை பஸ் ஏறிப் போய் வந்தாள்.

ஸ்னோ விளம்பரத்தில் இரண்டு முகம். இடப்பக்கம் பூசுவதற்கு முன், வலப்பக்கம் பூசிய பின். இடப்பக்கத்துக்குத் தன் முகத்தை அப்படியே கொடுத்தாள். வலப்பக்கத்துக்கு ஒரு டப்பா பவுடரை முழுதாக அப்பிக்கொண்டு இளித்தாள். நான் சிரித்த சிரிப்பில் அட்டை ஆடியது. அவள் சிரிக்கவில்லை. "கருப்பா இருக்கதுல எனக்கு வருத்தம் இல்லட்டி. அதுக்கு மருந்து இருக்குன்னு சொல்லுதாம் பாரு, அங்கதான் வயிறு எரியுது."

மன்றத்தார் மாட்டியிருந்தது அந்த வலப்பக்கத்தை! இடப்பக்கத்தை வெட்டி எடுத்துவிட்டார்கள். யார் செய்த வேலை என்று அண்ணனிடம் கேட்டேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அவ எடுத்ததுலயே இதுலதாம்மா லட்சணமா இருக்கா" என்றார். அழுகிற மனிதரிடம் என்ன சண்டை போடுவது? மேடையில் பேசியவர்கள் அவள் துணிச்சலைப் புகழ்ந்தார்கள், அந்தப் படத்தின் பக்கத்திலேயே நின்றுகொண்டு. உங்களுக்கெல்லாம் கண் எங்கே போயிற்று? உயிரோடு இருந்தபோது அவள் விட்டுக்கொடுக்காத முகத்தை, செத்த பதிமூன்றாம் நாள் கத்தரிக்கோலால் பிடுங்கிக்கொண்டீர்களே. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வாயை மூடிக்கொண்டு வரிசையில் நின்று நானும் பூப்போட்டேன்.

மறுநாள், அந்தப் படத்துக்கு ஃப்ரேம் போட்ட கடைக்குப் போய், வெட்டிப்போட்ட இடப்பக்கத்தைக் கேட்டு வாங்கி வந்தேன். அவளுடையது என்று என்னிடம் இருப்பது அதுதான். என் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறேன். கூட்டத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒருமுறை வாருங்கள். கலாவதிக்கு இன்னும் ஒருவரும் பூப்போடவில்லை.